கடல் கட்டிய மலை

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் கிள்ளான் பள்ளத்தாக்கில் பிள்ளைகள் உள்ள வீடுகளில் ஒரே பேச்சுதான்: எங்கே கூட்டிக்கொண்டு போவது? எங்கள் வீட்டில் சின்னவனுக்குச் சுறா பார்க்க வேண்டும். அம்மாவுக்குப் பத்துமலை முருகனைப் பார்க்க வேண்டும். தைப்பூசக் கூட்டத்தில் இனி நிற்க முடியாது, கூட்டமில்லாத நாளாகப் பார்த்து ஒருமுறை போய் வந்தால் போதும் என்று பல மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். காலையில் மலை, மத்தியானத்துக்கு மேல் கே.எல்.சி.சி.யில் இருக்கும் அக்குவாரியா கடலுயிர்க் காட்சியகம் என்று முடிவானது. பாட்டிக்குக் கோயில், பிள்ளைகளுக்கு மீன் என்று வீட்டில் பங்கு பிரித்துக்கொண்டார்கள். எனக்கு வேறு ஓர் எண்ணம் இருந்தது. பத்துமலையே ஒரு பழைய கடல். அதைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போனால் மீன்தொட்டியின் முன்னால் நிற்பதற்கே வேறு அர்த்தம் வரும். அதனால்தான் மலையை முதலில் வைத்தேன்.

கிள்ளானிலிருந்து கே.டி.எம். கொமுட்டர் ரயிலில் கே.எல். சென்ட்ரல் வந்து, அங்கிருந்து பத்துமலைப் பாதையைப் பிடித்தோம். காரில் போயிருக்கலாம். ஆனால் பிள்ளைகளோடு போகும்போது ரயிலே நல்லது. ஜன்னலோரம் உட்கார்ந்து கேள்வி கேட்க நேரம் கிடைக்கிறது. செந்தூல் வந்ததும் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். ரயில்வே பட்டறையில் வேலை செய்த நம் ஆட்கள் குடும்பம் குடும்பமாக வாழ்ந்த இடம் அது. அம்மாவின் சித்தப்பா ஒருவர் அங்கேதான் வேலை பார்த்தார். இந்தத் தண்டவாளமே ஆதியில் பயணிகளுக்காகப் போட்டதில்லை, பத்துமலைக் கல்லுடைப்பிலிருந்து கல் ஏற்றிப் போகப் போட்டது. மின்சார ரயில் மலையடிவாரம் வரை வரத் தொடங்கியது 2010 ஜூலையில்தான்.

நிலையத்தை விட்டு வெளியே வந்தால் பச்சை அனுமார் வரவேற்கிறார். அவரைத் தாண்டிப் போனால் பொன்னிற முருகன். 42.7 மீட்டர் உயரம், அதாவது 140 அடி. 2006 ஜனவரியில் திறந்துவைத்த சிலை. பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். அவர்களுடைய கண்ணை மெல்லச் சிலைக்குப் பின்னால் இருக்கும் பாறைக்குத் திருப்பினேன். செங்குத்தாக எழும் சாம்பல் வெள்ளைச் சுவர். மழை வழிந்த கறுப்புக் கோடுகள். வெடிப்புகளில் பற்றிக்கொண்டு தொங்கும் செடிகள். படம் எடுப்பவர்கள் எல்லோரும் சிலையை எடுக்கிறார்கள், பாறையை யாரும் எடுப்பதில்லை.

இது சுண்ணாம்புக்கல். சுமார் 40 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, சைலூரியன் காலம் என்று நிலவியலார் சொல்லும் காலத்தில், இங்கே ஆழமில்லாத வெதுவெதுப்பான கடல் இருந்தது. அதில் பவளங்களும் சிப்பிகளும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களும் கடல்நீரிலிருந்து சுண்ணத்தை எடுத்துத் தங்களுக்கு ஓடு கட்டிக்கொண்டு வாழ்ந்தன. செத்தபின் அந்த ஓடுகள் அடியில் படிந்தன. படிந்ததன் மேல் படிந்து, இறுகி, கல்லாகி, பூமி நெருக்கியதில் மேலே எழுந்து மலையாயிற்று. இடையில் அடியிலிருந்து கருங்கல் குழம்பு ஏறிச் சூடேற்றியதால் இந்தக் கல்லின் பெரும்பகுதி சலவைக்கல்லாக மாறிவிட்டது. ஆகவே சங்கு தெரியுமா, சிப்பி தெரியுமா என்று பாறையைத் துருவிப் பார்த்தால் பெரும்பாலும் ஏமாற்றம்தான். உயிர்களின் வடிவம் அழிந்துவிட்டது, பொருள் மட்டும் நிற்கிறது.

"மலை முழுக்கச் சிப்பியாப்பா?" என்றாள் மகள். பத்து வயது, சொன்னதை உடனே நம்பிவிட மாட்டாள். அப்போது அம்மாதான் கைகொடுத்தார். வெற்றிலைப் பையைத் திறந்து சுண்ணாம்பு டப்பாவை எடுத்து, "இது எதுல செய்யிறாங்க தெரியுமா? கிளிஞ்சலச் சுட்டுத்தான். எங்க பாட்டி காலத்துல கடக்கரையில பொறுக்கிட்டு வந்து சூளை போடுவாங்களாம்" என்றார். விரல் நுனியில் அந்த வெள்ளைப் பசையைத் தொட்டுப் பேத்தியின் உள்ளங்கையில் ஒரு பொட்டு வைத்தார். கிளிஞ்சலும் இந்த மலையும் ஒரே சுண்ணப் பொருள். மகள் உள்ளங்கையையும் மலையையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் கால் மணி நேரம் பேசியதைவிட அந்தப் பொட்டு நன்றாகச் சொல்லிவிட்டது.

முழங்கால் வலியோடு 272 படி ஏற முடியாது என்று அம்மா கீழேயே நின்றுகொண்டார். என் மனைவி அவருக்குத் துணை. நாங்கள் மூவரும் ஏறினோம். 2018 ஆகஸ்டில் படிகளுக்கு வண்ணம் பூசியதிலிருந்து உலகம் முழுவதிலுமிருந்து ஆட்கள் படம் எடுக்கவே வருகிறார்கள். 1920இல் இங்கே போட்டது மரப்படி; சிமென்ட் படி வந்தது 1930களின் கடைசியில். அதற்கும் முன்னால், 1890 வாக்கில் குகைக்குள் வேலை நட்டு வழிபாட்டைத் தொடங்கிய கே. தம்புசாமிப் பிள்ளை காலத்தில், காடும் பாறையும் பிடித்துக்கொண்டுதான் ஏறியிருக்க வேண்டும். 1892 முதல் தைப்பூசம் நடக்கிறது. காப்பார் பக்கத்துத் தோட்டத்திலிருந்து லாரியில் நின்றுகொண்டே வந்து, கட்டுச்சோற்றை மரத்தடியில் பிரித்துச் சாப்பிட்டு, இரவெல்லாம் காவடி பார்த்த கதையை அம்மா எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். குரங்குகள் மட்டும் அன்றும் இப்படித்தானாம். சின்னவன் கையிலிருந்த பிஸ்கட் பொட்டலத்தை ஒன்று பிடுங்கிக்கொண்டு கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து நிதானமாகப் பிரித்தது. பிள்ளைகளோடு போகிறவர்கள் தின்பண்டத்தைப் பைக்குள் வைத்து ஜிப்பைப் போட்டுவிடுங்கள்.

மேலே ஏறிக் குகைக்குள் நுழைந்ததும் வெயில் அறுந்து குளிர்ச்சி வந்தது. தலைக்கு மேல் சுமார் 100 மீட்டர் உயரத்தில் கூரை; உள்ளே தள்ளி ஓரிடத்தில் கூரை திறந்து வானம் தெரிகிறது. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கிறது. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிப் பாறையைத் தின்கிறது. தின்ற சுண்ணத்தைக் கூரையில் கொண்டுவந்து கொஞ்சம் விட்டுவிட்டுச் சொட்டுகிறது. அப்படித்தான் அந்தக் கல்விழுதுகள் தொங்குகின்றன. நாங்கள் நின்றிருந்தபோது சன்னதியில் பூசை நடந்தது. சங்கு ஊதினார்கள். அந்த ஒலி பாறையில் மோதித் திரும்பி வந்தது. இந்துமாக் கடலில் ஊர்ந்த ஒரு நத்தையின் ஓடு அது. பழைய கடலின் ஓடுகளால் ஆன குகைக்குள் ஒலிக்கிறது. இதைப் பிள்ளைகளிடம் சொன்னேன். மகளுக்குப் புரிந்தது என்று நினைக்கிறேன். சின்னவன் இன்னொரு தடவை ஊதச் சொன்னான்.

இறங்கும்போது, படிகளின் மேற்பகுதியிலிருந்து ஒரு பாதை பிரிகிறது. இருள்குகை என்கிற குவா கெலாப்புக்குப் போகும் வழி. 2019இல் பொதுமக்களுக்கு மூடிவிட்டார்கள். முன்பெல்லாம் தலைவிளக்கு கொடுத்து வழிகாட்டியோடு உள்ளே அழைத்துப் போவார்கள். அங்கே வாழும் லிபிஸ்டியஸ் பாட்டுவென்சிஸ் என்ற பொறிக்கதவுச் சிலந்தியைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் அந்த இடத்தைக் கடக்க எனக்கு மனம் வரவில்லை. 1923இல் அறிவியலுக்கு அறிமுகமான உயிர். பட்டு நூலால் சிறு கூடு கட்டி, அதற்கு ஒரு மூடி வைத்து, வாசலிலிருந்து நூல்களை வெளியே நீட்டிவிட்டு உள்ளே காத்திருக்கும். பூச்சியின் கால் நூலில் பட்டதும் கதவைத் திறந்துகொண்டு பாயும். மற்றச் சிலந்திகளுக்கு இல்லாதபடி இதன் வயிற்றில் இன்னமும் பட்டை பட்டையாகக் கவசத் தகடுகள் இருக்கின்றன. சிலந்திக் குலத்திலேயே ஆகப் பழைய கிளை. இந்தப் பட்டைக் கவசத்தை நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்லி மகளிடம் கேட்டுக்கொண்டேன்.

கல்லுடைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த மலையின் ஒரு பக்கத்தை வெடி வைத்துத் தகர்த்துத்தான் நகரத்துக்குக் கல் போனது. கோயில்காரர்களும் இயற்கை ஆர்வலர்களும் பல ஆண்டுகள் குரல் கொடுத்தபின், 1980களின் தொடக்கத்தில்தான் வெடிச் சத்தம் ஓய்ந்தது. இன்னும் கொஞ்ச காலம் விட்டிருந்தால் முருகனுக்குப் பின்னால் இந்தச் சுவர் இருந்திருக்குமா? பேராக் மாநிலத்திலும் மற்ற இடங்களிலும் சுண்ணாம்பு மலைகளை இன்றும் சிமெண்டுக்காகவும் சலவைக்கல்லுக்காகவும் உடைக்கிறார்கள். ஒரு மலையில் மட்டுமே வாழும் நத்தையும் செடியும் அந்த மலையோடு போய்விடும். கோயில் இருந்ததால் பத்துமலை பிழைத்தது என்று நான் நம்புகிறேன். அந்த நன்றியோடுதான் ஒவ்வொரு முறையும் அடிவாரத்தில் கும்பிடுகிறேன்.

மத்தியானச் சாப்பாடு பிரிக்பீல்ட்ஸில். வாழை இலை, ரசம், மோர்மிளகாய், பாகற்காய் வறுவல், மீன் குழம்பு. ஒருகாலத்தில் செங்கல் சூளைகளும் பிறகு ரயில்வே குவார்ட்டர்ஸும் இருந்த ஊர் இன்று உயரக் கட்டடங்களுக்கு நடுவே பூக்கடைகளோடு நிற்கிறது. சாப்பாட்டைப் பற்றி எழுத ஆரம்பித்தால் கட்டுரை வேறு பக்கம் போய்விடும்.

கே.எல். சென்ட்ரலிலிருந்து எல்.ஆர்.டி. ஏறினோம். மஸ்ஜித் ஜாமேக் பள்ளிவாசலுக்கு அருகே கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் கூடுகின்றன. பத்துமலைப் பக்கமிருந்து வரும் பத்து ஆறு கோம்பாக்கில் கலந்து இங்கே வந்து, பிறகு கிள்ளான் ஆறாக எங்கள் ஊர் வழியே போய் மலாக்கா நீரிணையில் விழுகிறது. அந்தத் தண்ணீரில் மலையிலிருந்து கரைந்த சுண்ணமும் இருக்கிறது. கடலுக்குப் போனபின் அதைச் சிப்பிகள் மறுபடி எடுத்து ஓடு கட்டிக்கொள்ளும். ரயில் அங்கே நிலத்துக்கடியில் இறங்கிவிட்டது. சின்னவன் ஜன்னலில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தான்.

கே.எல்.சி.சி.யில் இறங்கினால் இரட்டைக் கோபுரத்தை அண்ணாந்து பார்க்காதவர் இல்லை. 452 மீட்டர். ஆனால் அவற்றின் கதை கீழே இருக்கிறது. முதலில் குறித்த இடத்தில் துளையிட்டுப் பார்த்தபோது ஒரு பக்கம் சுண்ணாம்புப் பாறையும் அதற்குள் குகைகளும், மறுபக்கம் மென்மண்ணுமாக இருந்தது. அப்படியே கட்டினால் கோபுரம் ஒரு பக்கமாக இறங்கிவிடும். சுமார் 60 மீட்டர் தள்ளி இடம் மாற்றி, 100 மீட்டருக்கும் ஆழமாகக் காங்கிரீட் தூண்களை இறக்கித்தான் கட்டினார்கள். காலையில் நாங்கள் ஏறிய அதே பழைய கடல் இங்கே தரைக்கடியில் படுத்திருக்கிறது. பத்துமலையில் தலையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. இதைக் கேட்டு அம்மா, "அப்ப காலையிலேர்ந்து ஒரே மலையிலதான் சுத்திக்கிட்டு இருக்கோம்" என்றார்.

அக்குவாரியா 2005இல் திறந்தது. மாநாட்டு மையத்தின் கீழ்த்தளத்தில், 60,000 சதுர அடியில், ஆயிரக்கணக்கான உயிர்களோடு இருக்கிறது. விடுமுறை நாளில் போகிறவர்கள் கூட்டத்துக்குத் தயாராகப் போங்கள். அடையாள அட்டை வைத்திருக்கும் மலேசியர்களுக்குக் கட்டணம் குறைவு. இதன் அமைப்பு எனக்குப் பிடிக்கும். மலையில் பிறக்கும் தண்ணீர் ஆறாகி, சதுப்புக்காட்டைக் கடந்து கடலில் சேரும் வரிசையிலேயே தொட்டிகளை வைத்திருக்கிறார்கள். பத்து ஆறு கடலுக்குப் போகும் வழியை அறிந்தவர்களுக்கு அது சொல்லாமலே விளங்கும். நீர்நாய்கள் ஒன்றன்மேல் ஒன்று உருண்டன. அமேசான் தொட்டியில் ஆள் நீளத்துக்கு அரப்பைமா மீன்கள். மீனாக இருந்தும் அவை காற்றைத்தான் சுவாசிக்கின்றன. மேலே வந்து ஒரு மிடறு குடித்துவிட்டு இறங்கும் சத்தம் தெளிவாகக் கேட்டது.

அந்த நாளில் எனக்கு மிகவும் பிடித்தது தொட்டுப் பார்க்கும் குளம். முழங்கால் உயரச் சுவர், உள்ளே ஒரு சாண் தண்ணீர். கடலட்டை, நட்சத்திர மீன், சின்னச் சின்ன மூங்கில் சுறா. அவற்றுக்கு நடுவே கவிழ்த்த சட்டிபோல ஓர் உயிர், பின்னால் ஈட்டி வால். மலாயில் பெலங்காஸ். குதிரைலாட நண்டு என்று எழுதுகிறோம்; ஆனால் அது நண்டு இனமே இல்லை. "ரெண்டு விரலால மெதுவா" என்று பணியாளர் சொல்லிக் கொடுத்தார். மகள் முதுகோட்டைத் தடவினாள். வழவழப்பாக, நகம்போல இருந்ததாம். பணியாளர் அதைத் தண்ணீருக்குள்ளேயே மெல்லத் திருப்பிக் காட்டினார். அடியில் ஐந்து ஜோடி நடைக்கால்கள் எதையோ தேடுவதுபோல அசைந்தன. அவற்றுக்குப் பின்னால் புத்தகத்தின் ஏடுகள்போல அடுக்கடுக்காகச் செவுள்கள். ஒவ்வோர் ஏடும் விரிந்து மூடியது. மகள் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "அப்பா, இது அந்தச் சிலந்தி மாதிரி இருக்கு" என்றாள்.

நான் சொல்லிக் கொடுக்காமல் அவளாகவே கண்டுபிடித்தாள். ஆமாம், லாட நண்டு சிலந்திக்குத்தான் நெருங்கிய சொந்தம். இதன் குலத்தின் கல்லெச்சங்கள் ஏறத்தாழ 44.5 கோடி ஆண்டுப் பழைமை வரை கிடைத்திருக்கின்றன. அதாவது, பத்துமலை இன்னும் கடலடிச் சேறாக இருந்த காலத்திலேயே இதன் மூதாதையர் கடல்களில் ஊர்ந்துகொண்டிருந்தார்கள். உலகில் மிஞ்சியிருப்பவை நான்கே வகை; அவற்றில் மூன்று மலேசியக் கடலோரங்களில் வாழ்கின்றன. நம் இரத்தத்தில் இரும்பு இருப்பதுபோல இதன் இரத்தத்தில் செம்பு. அதனால் நீல நிறம். ஊசி மருந்துகளிலும் தடுப்பூசிகளிலும் கிருமி நஞ்சு கலந்திருக்கிறதா என்று பார்க்க அந்த இரத்தத்திலிருந்து எடுத்த பொருளைத்தான் பல பத்தாண்டுகளாக உலகம் பயன்படுத்தி வருகிறது. சின்னவனுக்குப் போட்ட தடுப்பூசியில் இதற்கும் பங்கிருக்கலாம் என்றேன். அவன் குனிந்து அதனிடம் "தேங்க்யூ" சொன்னான்.

பிறகுதான் அவன் காலையிலிருந்து காத்திருந்த சுரங்கம். 90 மீட்டர் நீளம், நகரும் நடைபாதை. தலைக்கு மேலும் இருபுறமும் கடல். மணல்புலிச் சுறாக்கள் வாயை மூடியிருக்கும்போதும் பல் வரிசை வெளியே தெரிய, அவசரமில்லாமல் எங்கள் தலைக்கு மேலே போயின. பார்க்கப் பயங்கரம், குணத்தில் சாது. மிதப்பதற்காக மேலே வந்து காற்றை விழுங்கி வயிற்றில் வைத்துக்கொள்ளும் சுறா இது. திருக்கை ஒன்று கண்ணாடியின்மேல் படுத்து அடிவயிற்றைக் காட்டியது. அம்மா, "களவா பாரு, எவ்ளோ பெருசு" என்று மலைத்துப்போய் நின்றார். சந்தையில் ஐஸ் மேல் பார்த்துப் பழகிய மீனை எழுபது வயதுக்கு மேல் முதல்முறையாக உயிரோடு பார்க்கிறார். அந்தக் கண்கள் உருளுவதைக் கூர்ந்து பார்த்தார். "எங்கப்பா ரஜூலா கப்பல்ல வந்தப்ப அடியில இதெல்லாம் போயிருக்கும்ல" என்றார். நாகப்பட்டினத்தில் ஏறி, பினாங்கைத் தொட்டு, அன்று போர்ட் ஸ்வெட்டன்ஹாம் என்றிருந்த போர்ட் கிள்ளானில் இறங்கிய மனிதர் தாத்தா. மேல்தளத்தில் பாயை விரித்துப் படுத்து, வாந்தி எடுத்தே கடலைக் கடந்ததாக மட்டும்தான் சொல்வார். கடலுக்குள் என்ன இருந்தது என்று பார்க்க அவர் தலைமுறைக்குக் கொடுத்துவைக்கவில்லை.

கடலாமை ஒன்று நீந்தி வந்தபோது என் மனம் கனத்தது. திரெங்கானுவின் ரந்தாவ் அபாங் கடற்கரையில் 1950களில் தோல்முதுகு ஆமைகள் ஆண்டுக்குச் சுமார் 10,000 கூடுகள் வைத்தன. முட்டைகளை எடுத்து விற்றோம், வலைகளில் சிக்கவிட்டோம். இப்போது அங்கே அவை அநேகமாக வருவதே இல்லை. பிள்ளைகளுக்கு அதையும் சொன்னேன். அழகை மட்டும் காட்டி அழைத்து வந்தால் பாதிதான் காட்டியதாக ஆகும்.

உயிர்களைத் தொட்டியில் அடைத்து வைப்பது சரியா என்று மகள் கேட்டாள். நியாயமான கேள்வி. டால்ஃபின்களைக் கரணம் போடவைத்துக் கைதட்டும் காட்சிகளுக்கு நான் குழந்தைகளை அழைத்துப் போவதில்லை. இந்தியா 2013இலேயே டால்ஃபின் காட்சியகங்களுக்கு அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டது. அது சரியான முடிவு. நாளெல்லாம் பல மைல் நீந்தும், குடும்பத்தோடு பேசிக்கொண்டே திரியும் உயிரை ஒரு குளத்தில் வைக்கக் கூடாது. இங்கே டால்ஃபின் இல்லை என்பதால்தான் நிம்மதியாக டிக்கெட் வாங்கினேன். ஆனாலும் சுறாவுக்கு அந்தத் தொட்டி போதுமா? நேரில் பார்த்த பிள்ளைதான் நாளை அதற்காகக் கவலைப்படும் என்பதும் உண்மை. சுறாவுக்கு அதனால் ஒன்றும் கிடைக்கப்போவதில்லை என்பதும் உண்மை. இரண்டையும் மகளிடம் சொன்னேன்.

திரும்பும் ரயிலில் சின்னவன் அம்மா மடியில் தூங்கிப்போனான். மகள் தன் கைப்பேசியில் எடுத்த படங்களைப் புரட்டினாள். சுறா படம் இரண்டு. லாட நண்டின் செவுள் படம் இருபதுக்கு மேல். இது நம்ம ஊர்ப் பக்கம் கிடைக்குமா என்று கேட்டாள். சேற்றுக் கடலோரமும் கண்டல் காடும் இருக்கிற இடங்களில் தேடிப் பார்க்கலாம் என்றேன். போர்ட் கிள்ளான் ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் துறையிலேயே பூலாவ் கெத்தாம் தீவுக்குப் படகு இருக்கிறது. சேற்றின்மேல் கால் நட்டுக் கட்டிய வீடுகள். தண்ணீர் வற்றும்போது அடியில் நண்டும் சேற்றுத்தாவி மீனும் ஊர்வது மரப்பாலத்திலிருந்தே தெரியும். அங்கே டிக்கெட்டும் இல்லை, கண்ணாடியும் இல்லை. பெலங்காஸ் கண்ணில் படும் என்று உறுதி சொல்ல முடியாது, ஓடங்கள் கட்டும் இடத்தில் மீனவர்களைக் கேட்கலாம் என்றேன். அடுத்த விடுமுறைக்கு அங்கேதான் என்று அவளே முடிவு செய்துவிட்டாள்.

"தண்ணி வத்துற நேரம் பாத்துட்டுச் சொல்லு," என்றார் அம்மா. "அங்க படி இல்லல்ல, நானும் வர்றேன்."